'லைஃப்டைம்' கியர்பாக்ஸ் ஆயில்: மாற்றலாமா, வேண்டாமா, மாற்றினால் எப்படி?

"இந்த வண்டிக்கு கியர்பாக்ஸ் ஆயில் மாற்றவே வேண்டாம் சார், லைஃப்டைம் ஃபில்." சொகுசுக் கார் வைத்திருப்பவர்கள் சர்வீஸ் கவுன்டரில் அடிக்கடி கேட்கும் பதில் இது. வெளி ஷெட்டில் விசாரித்தால், "ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிருச்சா? அப்போ தொடாதீங்க, தொட்டா கியர்பாக்ஸ் போயிடும்" என்பார்கள். இன்னொருவர், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலைச் சொல்லி, "ஏதாவது ஏடிஎஃப் ஊத்துங்க, எல்லாம் ஒண்ணுதான்" என்பார். மூன்றுமே ஆபத்தான பேச்சு. அந்தத் திரவத்தை வெறும் மசகு எண்ணெயாக நினைப்பதால் வரும் பேச்சு. கியர்பாக்ஸுக்குள் அது ஒரு உதிரிபாகத்தின் வேலையைச் செய்கிறது. அதனால் உதிரிபாகத்தைப் போலவே தேய்கிறது, அளந்துதான் மாற்ற வேண்டும்.

பொதுவாகப் பேசினால் குழப்பம்தான் கூடும் என்பதால் ஒரே ஒரு கியர்பாக்ஸை எடுத்துக்கொள்வோம்: ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனம் செய்யும் எட்டு கியர் ஆட்டோமேட்டிக், 8ஹெச்பி. 2009-இல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் அறிமுகமாகி, 3 சீரிஸ், 5 சீரிஸ், எக்ஸ்5, ஜாகுவார், லேண்ட் ரோவர், பென்ட்லி என்று பல வண்டிகளுக்குப் பரவியது. செங்கல்பட்டு பக்கம் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007 முதல் பிஎம்டபிள்யூ கார்களைப் பொருத்தி வருவதால், நம் ஊர்ச் சாலைகளிலும் இந்த கியர்பாக்ஸ் நிறையவே ஓடுகிறது.

கிளட்ச் பெடல் இல்லாமல் வண்டி எப்படி நிற்கிறது?

இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் ஓட விட்டால் அதன் காற்று பட்டு மற்றொன்றும் மெதுவாகச் சுற்றும். சுற்றாத விசிறியைக் கையால் பிடித்து நிறுத்தினாலும் ஓடும் விசிறிக்கு ஒன்றும் ஆகாது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் முன்பக்கம் இருக்கும் டார்க் கன்வர்ட்டர் இதே ஏற்பாடுதான். காற்றுக்குப் பதில் எண்ணெய், திறந்த வெளிக்குப் பதில் மூடிய இரும்புக் கூடு. இன்ஜின் சுற்றும் பக்கம் எண்ணெயை வீசுகிறது. கியர்பாக்ஸ் பக்கத்து இறக்கைகள் அந்த வீச்சை வாங்கிச் சுற்றுகின்றன. சிக்னலில் பிரேக்கை மிதித்து நின்றாலும் இன்ஜின் அணையாததற்குக் காரணம், நடுவில் இரும்போடு இரும்பு பிணையாமல் எண்ணெய் மட்டும் இருப்பதுதான்.

இந்த எண்ணெய்க்குத்தான் ஏடிஎஃப் என்று பெயர், அதாவது ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட். 'ஆயில்' என்று சொல்லாமல் 'ஃப்ளூயிட்' என்று சொல்வதிலேயே விஷயம் இருக்கிறது. வழுவழுப்பாக வைத்திருப்பது அதன் வேலைகளில் ஒன்று மட்டுமே.

விசிறி ஏற்பாட்டில் சக்தி கொஞ்சம் வீணாகும். அதனால் வண்டி நகர்ந்து வேகம் எடுத்ததும், கன்வர்ட்டருக்குள் இருக்கும் ஒரு கிளட்ச் இரு பக்கத்தையும் நேரடியாகப் பூட்டிவிடும். இது லாக்-அப் கிளட்ச். பழைய எண்ணெய் தன் குறையை முதலில் காட்டுவது பெரும்பாலும் இங்கேதான்.

கியர் மாறுவது எப்படி?

மேனுவல் வண்டியில் கியரை நகர்த்தி மாட்டுகிறோம். இங்கே பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று மாட்டியபடியே இருக்கும். நவக்கிரக சன்னதியில் நடுவில் சூரியன், சுற்றிலும் மற்ற கிரகங்கள் நிற்பதைப் போல, நடுவில் ஒரு பற்சக்கரம், அதைச் சுற்றிச் சின்னப் பற்சக்கரங்கள், எல்லாவற்றையும் சூழ்ந்து உள்பக்கம் பல் வெட்டிய ஒரு வளையம். இது கிரக கியர் தொகுதி. மூன்றில் எதைப் பிடித்து நிறுத்துகிறோம், எதைச் சுற்ற விடுகிறோம் என்பதைப் பொறுத்து வெளியே வரும் வேகம் மாறும். 8ஹெச்பிக்குள் இப்படி நான்கு தொகுதிகள்.

பிடித்து நிறுத்தும் வேலையைச் செய்பவை கிளட்ச் அடுக்குகள். இரண்டு சீட்டுக்கட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாகச் செருகி, மேலே கையை வைத்து அழுத்திப் பாருங்கள். அழுத்தம் இருக்கும்வரை பிரித்து இழுக்க முடியாது; கையை எடுத்தால் சுலபமாக நழுவும். கிளட்ச் அடுக்கிலும் அப்படியே. ஒரு எஃகுத் தட்டு, ஒரு உராய்வுத் தட்டு என மாறி மாறி இருக்கும். உராய்வுத் தட்டின் மேல் ஒட்டியிருப்பது காகித நார் கலந்த மெல்லிய பொருள். ஆம், இரண்டு டன் வண்டியை இழுப்பது கடைசியில் காகிதம் போன்ற ஒரு படலம்தான். அழுத்தும் கை எது? பம்ப் தள்ளும் ஏடிஎஃப்பின் அழுத்தம்.

8ஹெச்பியில் இப்படிப் பிடித்து விடும் உறுப்புகள் ஐந்து. எந்த கியரிலும் அவற்றில் மூன்று மூடியிருக்கும், இரண்டு திறந்திருக்கும். கியர் மாறும்போது ஒன்று விடும், ஒன்று பிடிக்கும். அந்தக் கால் நொடிகூட ஆகாத இடைவெளியில் தட்டுகள் உரசுகின்றன, சூடாகின்றன, காகிதப் படலம் துளித்துளியாகத் தேய்ந்து எண்ணெயில் கலக்கிறது. எந்த அடுக்குக்கு எவ்வளவு அழுத்தம், எந்தக் கணத்தில் என்று முடிவு செய்வது, கியர்பாக்ஸின் அடியில் எண்ணெயிலேயே மூழ்கியிருக்கும் வால்வுத் தொகுதியும் அதனுடன் சேர்ந்த கம்ப்யூட்டரும். இரண்டும் சேர்ந்ததற்கு மெக்கட்ரானிக் என்று பெயர்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்தால், ஏடிஎஃப் ஒன்றே சக்தியைக் கடத்துகிறது, கிளட்ச்சை அழுத்திப் பிடிக்கிறது, பற்சக்கரத்துக்கு மசகு ஆகிறது, சூட்டை வெளியே கொண்டுபோகிறது. தட்டுகள் எவ்வளவு வழுக்க வேண்டும், எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

எண்ணெய் எப்படிக் கெடுகிறது?

வடைச் சட்டி எண்ணெயைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் ஈடு பொரிக்கும்போது தெளிவாக இருக்கும். மறுபடி மறுபடி சூடேறினால் கருக்கும், காறல் வாடை வரும், அடியில் தூள் சேரும். ஏடிஎஃப்பும் சூட்டால் கருக்கிறது. அதில் தேய்ந்த காகித நாரும் நுண்ணிய இரும்புத் தூளும் சேர்கின்றன.

ஆனால் நிறம் கருத்ததைவிட முக்கியமான ஒன்று கண்ணுக்குத் தெரியாது. ஏடிஎஃப்பில் உராய்வைச் சரியான அளவில் வைத்திருக்க சில வேதிப்பொருள்களைச் சேர்த்திருப்பார்கள். இவற்றை உராய்வுச் சேர்மானம் என்போம். தட்டுகள் மெதுவாக வழுக்கி, பிறகு இறுகிப் பிடிக்கும் மிருதுவான மாற்றம் இவற்றால்தான் வருகிறது. காலப்போக்கில் இவை தீர்ந்துபோகும். அப்போது தட்டுகள் வழுக்காமல், பிடித்து விட்டு, பிடித்து விட்டு ஆடும். 50 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துப் போகும்போது, சாலையோர அதிர்வுப் பட்டைமேல் ஏறியது போல ஓரிரு நொடி நடுக்கம் வந்து போகிறதா? அதன் பெயர் ஷடர். லாக்-அப் கிளட்ச் இப்படித் தவிப்பது ஒரு முக்கியக் காரணம். டயர் பேலன்ஸ் செய்து, இன்ஜின் மவுன்ட் மாற்றிப் பணத்தைச் செலவழித்த பிறகுதான் பலருக்கு எண்ணெய் நினைவுக்கு வருகிறது.

'லைஃப்டைம்' என்றால் எவ்வளவு காலம்?

கார் நிறுவனம் சர்வீஸ் அட்டவணையில் இந்த எண்ணெயைச் சேர்க்காமல் 'லைஃப்டைம்' என்கிறது. ஆனால் கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப் நிறுவனமே, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டில், எது முந்துகிறதோ அப்போது மாற்றச் சொல்கிறது. அதற்கான முழு கிட்டையும் விற்கிறது. செய்தவர் சொல்வதைக் கேட்பதே நியாயம்.

சென்னை மாதிரி நகரத்தில், மே மாத வெயிலில், அடிக்கு ஒரு பிரேக் என்று ஓடும் வண்டிக்கு 80,000-ஐ எல்லையாக வையுங்கள். பெரும்பாலும் நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடும் வண்டி ஒரு லட்சம் வரை தாராளமாகப் போகலாம்.

அப்படியானால் 'ஒரு லட்சம் தாண்டினால் தொடாதே' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? கியர்பாக்ஸ் ஏற்கெனவே வழுக்க ஆரம்பித்த பிறகுதான் பலர் எண்ணெய் மாற்றக் கொண்டுவருகிறார்கள். காகிதப் படலம் அதற்குள் தேய்ந்து முடிந்திருக்கும். புது எண்ணெயால் தேய்ந்த படலத்தைத் திருப்பித் தர முடியாது. சில வாரத்தில் கியர்பாக்ஸ் படுத்துவிட்டால் பழி எண்ணெய் மேல் விழுகிறது. இன்ஜின் சத்தம் ஏறியும் வண்டி வேகம் எடுக்கவில்லை, 'பி'யிலிருந்து (பார்க்) 'டி'க்கு (டிரைவ்) போட்டு இரண்டு மூன்று நொடி கழித்தே வண்டி இழுக்கிறது என்ற நிலை வந்திருந்தால், எண்ணெய் மாற்றும் முன், வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைத்துப் பார்க்கும் ஸ்கேனரில் கோளாறுக் குறிப்புகளைப் பார்த்துவிடுங்கள். அறிகுறி எதுவும் இல்லாத 1,30,000 கிலோமீட்டர் வண்டியில் எண்ணெய் மாற்றப் பயப்படக் காரணம் இல்லை.

'எல்லா ஏடிஎஃப்பும் ஒன்று' என்ற தவறு

8ஹெச்பிக்கு உரியது லைஃப்கார்ட் 8 என்ற ஏடிஎஃப். ஏடிஎஃப் என்றாலே சிவப்பு என்று நினைப்போம், இது பச்சை. முந்தைய ஆறு கியர் 6ஹெச்பிக்கு லைஃப்கார்ட் 6, அது வேறு. மெர்சிடிஸின் ஏழு கியர் பெட்டியில் பழைய வகைக்கு சிவப்பு, பின்னால் வந்த 'ப்ளஸ்' வகைக்கு நீலம். பெயர் கிட்டத்தட்ட ஒன்று, ஆனால் ஒன்றில் ஊற்றுவதை மற்றதில் ஊற்றக் கூடாது. போர்ஷேயின் பிடிகே போன்ற இரட்டைக் கிளட்ச் பெட்டிகள் அமைப்பிலேயே வேறுபட்டவை. இங்கே சொல்லும் முறை அவற்றுக்குப் பொருந்தாது. 'யுனிவர்சல்' என்று எழுதிய டப்பா மலிவு என்பதற்காக வாங்காதீர்கள். உராய்வுச் சேர்மானத்தின் அளவு ஒவ்வொரு கிளட்ச் பொருளுக்கும் ஏற்றபடி வைக்கப்படுவது.

மாற்றும் முறை

முதலில் ஒரு கணக்கு. கியர்பாக்ஸில் மொத்தம் ஏறக்குறைய 9 லிட்டர். அடியில் எண்ணெய் தேங்கும் தட்டான ஆயில் பேனைக் கழற்றினால் 5 முதல் 6 லிட்டர்தான் வெளியே வரும். மீதி டார்க் கன்வர்ட்டரிலும் எண்ணெயைக் குளிர்விக்கும் கூலரிலும் தங்கிவிடும். வசதிக்காக 6 வந்தது என்று வைத்தால், புதிதாக நிரப்பிய பின் பழையது மூன்றில் ஒரு பங்கு. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி இன்னொரு முறை மாற்றினால் ஒன்பதில் ஒரு பங்குதான் மிஞ்சும். சரியான நேரத்தில் மாற்றும் வண்டிக்கு ஒரு முறை போதும். ஒன்றரை லட்சம் வரை தொடாத வண்டிக்கு இரண்டு முறை நல்லது. கூலர் பைப்பில் மெஷின் மாட்டி முழுவதையும் ஒரேயடியாக மாற்றும் 'ஃப்ளஷ்' கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் பேனைக் கழற்றாமல் அதை மட்டும் செய்தால், பழைய ஃபில்டர் அப்படியே உள்ளே இருக்கும்.

வாங்க வேண்டியது: ஃபில்டர் உள்ளேயே பதிந்த பிளாஸ்டிக் ஆயில் பேன், அதன் கேஸ்கெட், புது போல்ட்கள், ஃபில் பிளக் (எண்ணெய் ஊற்றும் துளையின் மூடி), 7 லிட்டர் எண்ணெய். இசட்எஃப் கிட்டில் இவை சேர்ந்தே வரும். ஃபில்டரை மட்டும் தனியாக மாற்ற முடியாது. பேன் முழுவதையும்தான் மாற்ற வேண்டும். பழைய பிளாஸ்டிக் பேன் சூட்டில் லேசாக வளைந்திருக்கும். அதைத் துடைத்துத் திரும்ப மாட்டினால் ஓரத்தில் கசியும்.

வண்டியை லிஃப்டில் மட்டமாகத் தூக்கிய பின், எண்ணெயை இறக்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: பக்கவாட்டில் இருக்கும் ஃபில் பிளக்கை முதலில் திறந்து பாருங்கள். அது இறுகிக் கிடந்து திறக்க வராவிட்டால், அல்லது ஆலன் கீயின் பள்ளம் உருண்டுவிட்டால், எண்ணெய் உள்ளே இருக்கும்வரை வண்டி ஓடும். இறக்கிய பிறகு இது தெரிந்தால் வண்டி லிஃப்டிலேயே மாட்டிக்கொள்ளும்.

பிறகு டிரெய்ன் பிளக்கைத் திறந்து எண்ணெயை இறக்குங்கள். வந்ததை அளவுக் குடுவையில் ஊற்றி அளந்து எழுதிவையுங்கள். பேனைப் பிடித்திருக்கும் போல்ட்கள் மொத்தம் 13; கழற்ற டி-40 டார்க்ஸ் பிட் (நட்சத்திர முனை) வேண்டும். கடைசி இரண்டை எதிரெதிர் மூலையில் விட்டுவைத்து, பேனைச் சாய்த்து இறக்குங்கள். இன்னும் ஒரு லிட்டருக்கு மேல் அதில் நிற்கும்.

பேனுக்குள் இருக்கும் காந்தங்களை நிதானமாகப் பாருங்கள். கண் மை போல, விரலால் தேய்த்தால் நெருடாத சாம்பல் நிறச் சேறு ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் சில்லு, பளபளக்கும் துணுக்கு இருந்தால் உள்ளே பேரிங்கோ பற்சக்கரமோ உடைகிறது என்று பொருள். எண்ணெய் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் கூலர் உடைந்து ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது. தண்ணீர் காகிதப் படலத்தைத் தட்டிலிருந்து பெயர்த்துவிடும். அந்த நிலையில் புது எண்ணெய் ஊற்றிப் பயனில்லை.

பேன் கழன்றிருக்கும்போது மெக்கட்ரானிக்கின் வயர் கனெக்டர் வெளியே வரும் இடத்தில் இருக்கும் பிளாஸ்டிக் உறையையும் கவனியுங்கள். அதன் ரப்பர் வளையங்கள் வயதானால் காய்ந்து கசியும். வெளியே எண்ணெய் ஈரம் தெரிந்தால் இப்போதே மாற்றிவிடுவது சிக்கனம். விலை குறைந்த பொருள்தான், இன்னொரு முறை பேனை இறக்கும் கூலி மிச்சம்.

புதுப் பேனை மாட்டும் முன், அது உட்காரும் அலுமினிய விளிம்பைச் சுத்தமான துணியால் துடையுங்கள். நூல் உதிரும் பழந்துணி வேண்டாம். ஒரு இழை போதும், வால்வு சிக்க. சிலிக்கான் பேஸ்ட் எதுவும் தடவக் கூடாது. நடுவிலிருந்து தொடங்கி எதிரெதிராக இறுக்குங்கள். எஃகு போல்ட் என்றால் 10 நியூட்டன் மீட்டர். அலுமினிய போல்ட் வந்திருந்தால் கிட்டில் உள்ள தாளில் போட்டிருக்கும் அளவு. கை உணர்வை நம்பி இறுக்கினால் பிளாஸ்டிக் விளிம்பு விரியும். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கட்டாயம்.

அளவு வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது

இந்த வண்டியில் ஏடிஎஃப் பார்க்கும் குச்சி கிடையாது. ஃபில் பிளக் துளையின் விளிம்புதான் அளவுகோல். துளைவரை நிரப்பி, மேற்கொண்டு ஊற்றியது வழிந்தால் நிறைந்தது என்று பொருள். கேட்க எளிது. ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், எண்ணெயின் சூடு 30 முதல் 50 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும்.

இன்ஜின் ஏன் ஓட வேண்டும்? ஓடும்போது பம்ப் எண்ணெயை இழுத்து கன்வர்ட்டரையும் கூலரையும் நிரப்புகிறது. பேனில் மட்டம் இறங்குகிறது. அணைந்த வண்டியில் வழிவதைப் பார்த்து மூடினால் உள்ளே எண்ணெய் குறைவாகவே இருக்கும். வளைவில் திரும்பும்போது பம்ப் காற்றை உறிஞ்சும், கிளட்ச் வழுக்கும்.

சூடு ஏன்? எண்ணெய் சூட்டில் விரியும். 9 லிட்டர் எண்ணெய் 40 டிகிரி கூடினால் ஏறக்குறைய கால் லிட்டர் கூடுதல் இடம் பிடிக்கும். 80 டிகிரியில் அளவு வைத்தால் நல்ல எண்ணெய் வழிந்து வீணாகி, ஆறியதும் குறைந்து நிற்கும். மிகக் குளிராக வைத்தால் சூடேறும்போது மட்டம் உயர்ந்து, சுற்றும் பாகங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். நுரையில் காற்று, காற்றில் அழுத்தம் நிற்காது.

எனவே செய்ய வேண்டிய வரிசை இப்படி. அணைந்த நிலையில் கைப்பம்ப்பால் வழியும்வரை நிரப்புங்கள். ஸ்டார்ட் செய்து, ஓட விட்டபடியே மீண்டும் வழியும்வரை நிரப்புங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டு 'ஆர்', 'டி', பிறகு மேனுவலில் முடிந்த கியர்கள் என ஒவ்வொன்றிலும் சில நொடி நிறுத்தி 'பி'க்குத் திரும்புங்கள். ஸ்கேனரில் கியர்பாக்ஸ் எண்ணெய்ச் சூட்டைப் பாருங்கள். மீண்டும் நிரப்பி, சுமார் 40 டிகிரியில் வழிவது மெல்லிய இழையாகி, சொட்டாக மாறும் கணத்தில் புதுப் பிளக்கை மூடி 35 நியூட்டன் மீட்டரில் இறுக்குங்கள். இன்ஜினை அதற்குப் பிறகே அணைக்க வேண்டும்.

ஜெர்மனிக் கையேட்டில் இல்லாத ஒரு நடைமுறைச் சிக்கல் நமக்கு உண்டு. வேலூரிலோ மதுரையிலோ ஏப்ரல் மதியத்தில் ஷெட்டில் நிற்கும் வண்டியின் எண்ணெய் ஸ்டார்ட் செய்யும் முன்பே 38 டிகிரியைத் தொட்டிருக்கும். ஓட ஆரம்பித்துச் சில நிமிடத்தில் 50 தாண்டிவிடும், நிரப்பி முடிக்கவே நேரம் போதாது. வண்டியை முந்தின இரவே ஷெட்டில் விட்டு, காலையில் முதல் வேலையாகச் செய்யச் சொல்லுங்கள். 50 தாண்டிவிட்டால் அணைத்து ஆற விடுவதைத் தவிர வழியில்லை. "பரவாயில்ல சார், கொஞ்சம்தான் கூட" என்பதை ஏற்காதீர்கள்.

மாற்றிய பிறகு

கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் ஒவ்வொரு கிளட்ச்சுக்கும் எவ்வளவு அழுத்தம் தேவை என்று ஓட ஓடக் கற்று வைத்திருக்கும், இது அடாப்டேஷன். பழைய எண்ணெய்க்கு ஏற்றபடி கற்றதால், முதல் சில நாள் கியர் மாற்றம் சற்று அந்நியமாகத் தோன்றலாம். பெரும்பாலும் தானாகவே சரியாகும். ஸ்கேனரில் அழித்துப் புதிதாகக் கற்க வைக்கலாம். ஆனால் அதன் பின் எல்லா கியரிலும் மெதுவாக ஏற்றி இறக்கி ஓட்டிக் கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர் கையில் மட்டுமே அதைக் கொடுங்கள். பாதியில் விட்டால் முன்னைவிட அதிகமாக ஜெர்க் அடிக்கும்.

வண்டியை எடுக்கும்போது மூன்று விவரங்களை பில்லில் எழுதி வாங்குங்கள்: எத்தனை லிட்டர் இறங்கியது, எத்தனை ஏறியது, பிளக்கை மூடியபோது எண்ணெய் எத்தனை டிகிரி. இறங்கியதைவிட ஏறியது ஒரு லிட்டர் குறைந்திருந்தால் அங்கேயே மறுபடி லிஃப்டில் ஏற்றச் சொல்லலாம். ஒரு வாரம் கழித்து, இரவு முழுக்க நின்ற வண்டியின் அடியில் ஒரு அட்டையை விரித்து வைத்துக் காலையில் பாருங்கள். பேன் விளிம்பு கசிந்தால் அட்டையில் பச்சைப் பொட்டு தெரியும்.